மல்லிகா தைத்த சட்டை

கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது என் பெட்டியில் உடைகளைவிடக் காகிதங்கள்தான் அதிகம். வருகைப் பதிவேட்டின் நகல்கள், தண்ணீர்ச் சோதனை அறிக்கை, இருபது பெண்களின் புகைப்படங்கள், என் சொந்தக் கையெழுத்துடன் ஒரு சான்றிதழ். அவற்றுக்கு நடுவே கோலாலம்பூர்க் கடையொன்றில் வாங்கிய சாம்பல் நிறச் சட்டை ஒன்றும் இருந்தது.

நான் மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். ஆடை நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்கிறபடிதான் நடக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் பார்க்க வந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுடைய ஒவ்வொரு சட்டையிலும் ஓர் அட்டை தொங்கும். சட்டையைத் தைத்த பெண்ணின் முகமும் பெயரும் அதில் இருக்கும். அட்டையில் உள்ள குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் அவள் குரலே பேசும்.

"வணக்கம். நான் மல்லிகா. கல்வராயன் மலையில எங்க ஊரு மையத்துல இந்தச் சட்டைய நான்தான் தெச்சேன். நல்லா உடுத்துங்க."

என் சட்டையில் இருந்தவள் மல்லிகா. வலது கண்ணுக்குக் கீழே மச்சம், சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் உதடு. கடையில் அதிகம் விற்பதும் அவள் முகம் போட்ட சட்டைதானாம். மலையில் விளையும் கடுக்காயில்தான் சாயம், மலைப்பெண்களின் ஊரிலேயே தையல், யாரும் வேலை தேடிக் கீழே இறங்க வேண்டியதில்லை. இதுதான் அந்த நிறுவனம் சொன்ன கதை. போன வருடம் கிள்ளானில் என் மேசையில் உட்கார்ந்தபடி, அனுப்பிய காகிதங்களை மட்டும் பார்த்து, எல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். இந்த வருடம் ஒரு பெரிய கடைக்காரர் நேரில் போய்ப் பார்த்தால்தான் சரக்கு எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதனால் வந்தேன்.

வாடகைக் கார் ஓட்டியவர் பெயர் சூசை. ஐம்பது வயதிருக்கும். மணலூர்பேட்டைப் பக்கத்தில் கரும்பு போட்டிருக்கிறார், கரும்புக்கு ஆள் தேவைப்படாத நாட்களில் கார் ஓட்டுகிறார். காரின் முன்பக்கத்தில் மாதா படம். நான் பேசிய தமிழைக் கேட்டுவிட்டு, "நீங்க சிலோனுங்களா?" என்றார். மலேசியா என்றதும், "தமிழு நல்லாத்தான் பேசறீங்க, ஆனா புஸ்தகத்துல படிக்கிற மாதிரி கீது" என்று சிரித்தார். காலையில் இட்லியும் வடையும் சாப்பிட்டோம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடையில் தேநீரை உயரத் தூக்கி ஆற்றுவார்கள். இங்கும் ஆற்றினார்கள், ஆனால் தம்ளர் பாதியளவுதான். அதற்கே சர்க்கரை ஜாஸ்தி.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறத் தொடங்கினோம். அடிவாரத்தில் நல்ல வெயில். நாலைந்து வளைவு ஏறியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. காலை பதினொரு மணிக்கு முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு போனோம். எங்களூர்க் கெந்திங் மலையிலும் இப்படித்தான் மூடும். ஆனால் அங்கே மூட்டத்துக்குள்ளே பேருந்துகள், ஹாரன், கூட்டம் எல்லாம் இருக்கும். இங்கே இஞ்சின் சத்தத்தைத் தவிர எதுவுமில்லை. அந்தச் சத்தமும் ஒரு வளைவில் நின்றது.

"சூடாயிடுச்சும்மா. பத்து நிமிசம் ஆறட்டும்" என்று சூசை இறங்கி பானட்டைத் திறந்தார். நானும் இறங்கினேன்.

வளைவின் ஓரச் சுவரில் ஒரு பகுதி மட்டும் புதுச் சிமெண்டு. அதற்கு அப்பால் உண்ணிச்செடிப் புதர். புதர் முழுக்கப் பூத்திருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். கிட்டே போனால் பூ இல்லை, துணி. விரல் அகலத்தில் கிழிந்த துணித் துண்டுகள். ஒவ்வொரு கிளையிலும், கிளையின் ஒவ்வொரு கணுவிலும் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். சில மழையில் வெளுத்துப் போயிருந்தன, சில நேற்றுக் கட்டியவை போலப் புதிதாக இருந்தன. காற்று இல்லை. ஆனாலும் ஈரக் கனத்தில் அவை மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

வேண்டுதலுக்குக் கட்டும் மஞ்சள் துணி அல்ல அது. சாம்பல் நிறம். எனக்கு அந்த நிறம் தெரியும். பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து வந்து ஒரு துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரே துணி. ஓரத்தில் வெட்டும் இயந்திரம் விட்ட பல்வரிசை அடையாளம்கூட இருந்தது.

"தொடாதீங்கம்மா" என்றார் சூசை, பின்னாலிருந்து.

"யாரு கட்டுனது?"

"பொம்பளைங்க. ஜீப்புல போறச்சொல்ல ஆளுக்கு ஒன்னு கட்டிட்டுப் போவாங்க."

"எந்த ஜீப்புல? எங்க போறாங்க?"

அவர் என் கையில் இருந்த சட்டையைப் பார்த்தார், அதில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதும்மா. நான் எப்பனா ஒரு தடவதான் இந்தப் பக்கம் வருவேன்" என்று சொல்லிவிட்டு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

மலையில் வெட்டி மலையில் தைக்கிற துணியின் கழிவு, கீழே இறங்கும் பாதையில் எப்படி வந்தது என்று எனக்குள் கேட்டுக்கொண்டே காரில் ஏறினேன்.

வெள்ளிமலைக்குச் சற்று அப்பால் இருந்தது அந்தத் தையல் மையம். வெள்ளையடித்த நீளக் கட்டிடம். வாசலில் மேலாளர் குமரேசன் மாலையோடு நின்றார். மாலையை வேண்டாம் என்றேன். உள்ளே இருபது தையல் இயந்திரங்கள், இருபது பெண்கள், எல்லோரும் ஒரே நிறப் புடவை. நான் நுழைந்ததும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக வணங்கி, ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

இதுவரை எத்தனையோ தையல் கூடங்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் நான் பார்ப்பது தரையை. நூல் துணுக்கும் பஞ்சும் இல்லாத தையல் கூடத்தை நான் கண்டதில்லை. இங்கே தரை துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருந்தது.

ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டேன். வேலை நேரம் எப்படி, உடம்புக்கு முடியாவிட்டால் விடுப்பு உண்டா. முதல் பெண் சொன்னாள்: "எங்களுக்கு இங்க எந்தக் கொறையும் இல்லீங்க. மேனேஜரு கூடப் பொறந்த அண்ணன் மாதிரி." இரண்டாவது பெண்ணும் அதையே சொன்னாள். மூன்றாவது பெண்ணும் 'இல்லீங்க'வுக்குப் பிறகு அதே இடத்தில் மூச்சு விட்டாள். ஏழாவது பெண் பதில் சொல்லும்போது தற்செயலாகப் பின்வரிசையைப் பார்த்தேன். அங்கே நான்கு பெண்களின் உதடுகள் அவளோடு சேர்ந்து சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. 

பதிவேட்டைக் கையில் எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். "மல்லிகா."

 யாருடைய தலையும் திரும்பவில்லை. எல்லோரும் மடியைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

"ஆங்" என்றாள் இடிபட்டவள்.

அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நெற்றி, அதே மோவாய். தயங்கும் உதடுகூட அதேதான். கண்ணுக்குக் கீழே மச்சம் மட்டும் இல்லை.

"போட்டோவுல ஏதோ புள்ளி பட்டுடுச்சி மேடம்" என்றார் குமரேசன், நான் கேட்பதற்கு முன்பே.

ஒரு கழுத்துப்பட்டை தைத்துக் காட்டச் சொன்னேன். நல்ல கை. இவ்வளவு வேகமாகத் தைப்பவர்கள் எங்களூரிலும் குறைவு. ஆனால் இயந்திரம் திணறியது. சக்கரத்தில் துரு. நடுவில் நூல் அறுந்தபோது அவள் தன்னையறியாமல் சொன்னாள்: "இந்த மிசினு எனக்குப் பழக்கம் இல்ல."

குமரேசன் பெரிதாகச் சிரித்தார். "நேத்துதான் புது மிசினு மாத்துனோம் மேடம்."

துருப்பிடித்த புது இயந்திரம். நான் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெளியே வந்து, "நாளைக்கு நான் கீழே போகவில்லை, இங்கேயே தங்குகிறேன்" என்று சூசையிடம் மட்டும் சொன்னேன். குமரேசனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை, தங்கிய விடுதியில் இருந்து நடந்தே மையத்துக்குப் போனேன். வேலை நாள். கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபது இயந்திரங்கள் மீதும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. முந்தின நாள் நான் பாதி குடித்துவிட்டு வைத்த தேநீர்த் தம்ளர் ஜன்னல் கட்டையிலேயே இருந்தது, உள்ளே ஒரு பூச்சி செத்து மிதந்தது.

பாதையோரம் ஒரு டீக்கடை. அடுப்பில் இருந்த பெண்ணிடம் அட்டையைக் காட்டி, "இந்தப் பொண்ணு வீடு எங்க இருக்கு?" என்றேன்.

கையைப் புடவையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் தோளில் கிடந்த சட்டையின் தையலை விரலால் தடவினாள்.

"இவ இன்னும் தெச்சிக்கினு கீறாளா?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவளோ, சொல்லக்கூடாததைச் சொன்னவள்போல வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டினாள். "பலாமரத்தாண்ட திரும்புங்க. அவங்கம்மா பொன்னம்மா கீறாங்க."

பலாமரத்தைத் தாண்டி மண் வீடு ஒன்று. கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. வீட்டுக்குப் பின்னால் கல்லில் எதையோ உடைக்கும் சத்தம் சீராகக் கேட்டது. டொக், டொக். "யாராவது இருக்கீங்களா?" என்றேன். சத்தம் நிற்கவில்லை. மல்லிகாவின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டலாம் என்று கைப்பேசியைத் திறந்தேன். படம் வந்தால் குரலும் தானாக வரும் என்பதை மறந்துவிட்டேன்.

"வணக்கம். நான் மல்லிகா."

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், வெகு இயல்பாக, வேலையின் நடுவே பதில் சொன்னது. "இன்னாடி?"

டொக் சத்தம் நின்றது. கைப்பேசி தன்பாட்டுக்குப் பேசி முடித்தது.  சுவர் மூலையில் ஒரு பெண் வந்தாள். கையில் கல், முந்தானையில் கடுக்காய்த் தூசி. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பாதையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க அவ?" என்றாள்.

நான் கைப்பேசியைக் காட்டினேன். அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தேன்.  மன்னிப்புக் கேட்டேன். என்ன நடந்தது என்று தெரியாமலேயே கேட்டேன்.

"அவ கொரலு மறந்துபோச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள் பொன்னம்மா. "மறக்கல பாரு."

பிறகு அவள் சொன்னது இதுதான். மலையில் தையல் நடந்தது தொடக்கத்தில் சில மாதங்கள் மட்டும். கரண்டு நிற்பதில்லை, சரக்கு ஏற்றி இறக்க வண்டி வருவதில்லை என்று நைனார்பாளையம் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். மலைப்பெண்களை விடிகாலையில் ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டு போவார்கள், இருட்டில் கொண்டு வந்து விடுவார்கள். வெளிநாட்டு ஆள் வருகிற அன்று மட்டும் மலை மையத்தைத் திறப்பார்கள். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசி மழையில் அந்த ஜீப் வளைவில் சறுக்கியது. ஒருத்திக்குக் கை உடைந்தது, இன்னொருத்திக்கு இடுப்பு. மல்லிகா பின்பக்கம் தொங்கிக்கொண்டு வந்தவள்.

"அன்னைக்கே பொதச்சிட்டோம். அந்த மேனேஜரு வந்து நின்னான். போலீசுக்கு எழுதிக் குடுத்தா மலையிலதான் தெக்கிறோம்னு சொன்னது பொய்யாயிடும், கம்பெனிய மூடிருவாங்க, எல்லார் பொழப்பும் போயிடும்னான். ஊர்ல எல்லாரும் என் வாயத்தான் பாத்தாங்க. நான் இன்னா சொல்றது? எழுதல."

சாவை எங்கேயும் பதியவில்லை. அடுத்த மாதமே குமரேசன் மீண்டும் வந்தார். மல்லிகாவின் தங்கை அஞ்சலையை அந்த இருக்கைக்குக் கேட்டார். அட்டையெல்லாம் மல்லிகா பெயரில் அச்சடித்தாயிற்று, முகமும் ஒன்றுபோல இருக்கிறது, பெயரை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார்.

"ரேசன் கார்டுல கீறா. கம்பெனில கீறா. உன் போனுல கீறா" என்றாள் பொன்னம்மா. "வூட்ல மட்டும்தான் இல்ல."

நான் பையைத் திறந்து வருகைப் பதிவேட்டின் நகலை எடுத்தேன். அந்த ஐப்பசிக்குப் பிந்தைய பக்கங்கள். ஒவ்வொரு நாளும் மல்லிகா, மல்லிகா என்று ஒரே மாதிரியான கையெழுத்து. ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. சான்றிதழில் நான் எழுதிய குறிப்பும் கூடவே இருந்தது: வருகை மிக ஒழுங்காக உள்ளது. புதைத்த பிறகு ஒருத்தி வேலைக்கு வந்த ஒழுங்கைத்தான் நான் பாராட்டியிருந்தேன்.

அதைப் படித்துக் காட்டி, "இதை எழுதியது நான்தான்மா" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் ஒரு தட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டு வந்து வைத்தாள்.  அவள் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீ எழுதுறவதானே. அவ செத்துட்டான்னு எழுது. அது போதும் எனக்கு."

மூன்றாம் நாள் விடிகாலையில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். மூட்டம் அவ்வளவு கனமாக இருந்ததால், அங்கே பெண்கள் நிற்பதே அவர்களுக்கு நடுவில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.  முந்தாநாள் மல்லிகா என்ற பெயருக்கு 'ஆங்' சொன்னவள் என்னைப் பார்த்தாள். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல.

"ஏறுங்கக்கா" என்றாள் அஞ்சலை. "உள்ள ஒக்காருங்க. பின்னால தொங்காதீங்க."

எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேர். என் முழங்காலும் அவள் முழங்காலும் இடித்துக்கொண்டன. சில வளைவுகள் போயின. அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் பேசினாள்.

"எழுதாதீங்கக்கா. அம்மாக்கு வலி, சொல்லிடுச்சி. ஆனா இந்த ஜீப்புல கீறவங்க எல்லாரும் எங்க போவாங்க? கேரளாவுக்கு மொளகு பறிக்கத்தான் போவணும்."

"உனக்கு எப்படி இருக்கு, அங்க?"

"வேலையா? வேலை இன்னா, தெக்கிறதுதான்." முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "மொத நாளு மல்லிகான்னு கூப்ட்டப்ப நான் வாசலப் பாத்தேன்க்கா, அவ வந்துட்டாளோன்னு. இப்ப பழகிடுச்சி. இன்னும் ஒன்னு சொல்லட்டா? வூட்ல அம்மா அஞ்சலைன்னு கூப்ட்டா எனக்குக் காதுல வுழ மாட்டேங்குது. மூணு தடவ கூப்புடணும்."

வெளிநாட்டில் இருந்து மல்லிகாவுக்குக் கடிதங்கள் வருமாம். குமரேசன் படித்துப் பொருள் சொல்வாராம். ஒரு பெண் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணம் செய்தாளாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தாளாம்.

"நான் நல்லா கீறேன்னு எழுதச் சொன்னாங்க. எழுதுனேன். எழுதி மல்லிகான்னு கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

துணி கட்டிய அந்த வளைவு வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். யாரும் சொல்லவில்லை, வண்டி நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக இடுப்பில் செருகியிருந்த துணித் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மூட்டத்துக்குள் அவர்கள் போவதும் வருவதும் தெரியவில்லை, கிளைகள் வளைந்து விடுபடும் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணிப் பார்த்தேன். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று நிச்சயமான பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுபடி வண்டி கிளம்பியபோது நான் சொன்னேன்: "என்னால பொய் எழுத முடியாது அஞ்சலை. போன தடவ தெரியாம எழுதினேன். இப்ப தெரிஞ்சும் எழுதினா நானும் அவங்களும் ஒன்னு. ஆனா உன் பேரை எழுதணுமா வேண்டாமாங்கறத நீ சொல்லு. நீ வேண்டாம்னா எழுத மாட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடிவாரம் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கொட்டகை. பலகை இல்லை, பெயர் இல்லை. வாசலில் ஒரு கடுக்காய் மூட்டை, விளம்பரப் படம் எடுப்பதற்கு வசதியாக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். பின்பக்கம் வரிசையாக ரசாயனச் சாயத்தூள் டின்கள். கொட்டகைக்குப் பின்னே ஒரு வாய்க்கால் சாம்பல் நிறத்தில் ஓடியது. அது போன வழியெல்லாம் சோளத்தட்டை காய்ந்து நின்றது. படம் எடுத்துக்கொண்டேன். உள்ளே தரையில் கணுக்கால் அளவுக்கு நூலும் பஞ்சும் துணித் துண்டும். நான் தேடிய தையல் கூடம் இதுதான்.

குமரேசன் பதிவேட்டோடு முன்னால் வந்து நின்றார். தலையைத் தூக்காமல் பெயர்களைப் படித்தார். நான் கடைசி வரிசைக்குப் பின்னால், துணிக்கட்டுகளோரம் நின்றிருந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 'ஆங்'.

"மல்லிகா."

அஞ்சலை தன் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மல்லிகா. வரலியா அவ?"

சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு கைகளும் நின்றன. தகரக் கூரையில் வெயில் ஏறும்போது வரும் படபடச் சத்தம் மட்டும்.

"அவ வர மாட்டா சார்" என்றாள் அஞ்சலை.

"இன்னா வெளையாட்டு இது?"

"அவ செத்துட்டா சார். ஐப்பசில. நீங்களும்தான ஒரு புடி மண்ணு போட்டீங்க." அவள் எழுந்து நின்றாள்.  "என் பேரு அஞ்சலை. அத எழுதுங்க."

குமரேசன் அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பதிவேட்டை மூடினார். மறுபடி திறந்தார். பக்கத்தில் இருந்த துணிக்கட்டின் மீது உட்கார்ந்தார். மாலையோடு வாசலில் நின்ற மனிதரா இவர் என்று இருந்தது.

"நான் சம்பளத்துக்கு வேலை செய்யறவன் மேடம்" என்றார். "மேல சொன்னதச் செஞ்சேன். தினமும் அந்தப் பேரக் கூப்புடறச்சொல்ல எனக்கு மட்டும் எப்பிடி இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

 அஞ்சலையைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். குறிப்பேட்டைத் திறந்து அவள் பெயரை எழுதினேன். எழுதியது சரிதானா என்று அவளிடமே காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள்.

அறிக்கையை நான்கு நாட்களில் எழுதி முடித்தேன். முதல் பத்தியில் என் போன வருடச் சான்றிதழ் தவறு என்றும், அதை நேரில் பார்க்காமல் தந்தேன் என்றும் எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் அதை நீக்கச் சொன்னார்கள். நீக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எனக்குச் சான்றிதழ் வேலை தரவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. நிறுவனம் அட்டைகளைத் திரும்பப் பெற்றது. கொட்டகை சில மாதங்கள் மூடிக் கிடந்தது. அஞ்சலை பயந்தபடியே சில பெண்கள் மிளகுத் தோட்டத்துக்குப் போனார்கள். பிறகு வேறு ஒருவர் அதை எடுத்து நடத்தத் தொடங்கினார், ஜீப்புக்குப் பதில் ஒரு வேன் போகிறதாம், எல்லோரும் உட்கார்ந்து போகிறார்களாம். வாய்க்காலில் சாயக்கழிவு விட்டதற்கான வழக்கு இன்னும் முடியவில்லை. சாவைப் பதிவு செய்யப் பொன்னம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர் சூசை. நான் பணம் அனுப்புகிறேன் என்றபோது, "அதெல்லாம் வோணாம்மா. அன்னைக்குப் பொதராண்ட கேட்டீங்களே, தெரியாதுன்னு சொன்னேன் பாருங்க. எனக்குத் தெரியும்" என்றார்.

அஞ்சலை கொட்டகைக்குத் திரும்பவில்லை. கச்சிராயபாளையத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கடையில் சேர்ந்துவிட்டாள்.

ஆறேழு மாதம் கழித்து அந்த நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பாளர் கோலாலம்பூரில் என்னைப் பார்க்க வந்தார். மிகவும் மரியாதையானவர். நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். இனி எல்லாம் நேர்மையாக நடக்கும் என்றார். வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தார். இறந்த அக்கா, அவள் இடத்தில் தைத்த தங்கை. புது அட்டையில் தங்கையின் முகமும் அவள் சொந்தப் பெயரும். அவள் குரலில் ஒரு வரி. அதற்குத் தனியாக ஊதியமும் தருவார்களாம். "மனதைத் தொடும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முடிவு என்னுடையது அல்ல என்பதால் அன்று மாலையே அஞ்சலையைக் கைப்பேசியில் கூப்பிட்டு, அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஊதியத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்" என்று உடனே குரல் கொடுத்துவிட்டு மறுபடி என்னிடம் பேசினாள்.

"வோணாம்க்கா" என்றாள். "எம் மூஞ்சி எனக்கு வோணும்."